டி.வி.யில் எரியுது, வீட்டில் புகையுது



போன மாதக் கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் எழுந்து, "நான் இனிமே நியூஸே பாக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேங்க. பார்த்தா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது" என்றார். பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "நீ பாக்கலைன்னா கடன் தள்ளுபடி வந்தா உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். செய்தி தெரியாமலும் இருக்க முடியாது, தெரிந்துகொண்டே இருந்தாலும் உடம்பு தாங்காது. நம்மைப் போல எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். அதைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகிறேன்.

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. நம்மில் பலருக்கு அந்த நாள் மறந்திருக்காது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மாதம் 5ஆம் தேதி, பத்து நாளைக்கு வினாடிக்கு 15,000 கன அடி தண்ணீர் விடச் சொல்லி கர்நாடகாவுக்கு உத்தரவு போட்டிருந்தது. 12ஆம் தேதி அதை 12,000 கன அடியாகக் குறைத்து, 20ஆம் தேதி வரை விடச் சொன்னது. (கன அடி, கன அடி என்று தினமும் கேட்கிறோம். அது எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். நாம் தூக்குகிற பிளாஸ்டிக் குடத்தில் இரண்டு குடம். அப்படி 12,000 கன அடி ஒவ்வொரு வினாடியும் போக வேண்டும்.) அன்று பெங்களூரில் கலவரம் மூண்டது. டிசோசா நகரில் நிறுத்தி வைத்திருந்த கே.பி.என். பேருந்துகள் நாற்பதுக்கும் மேல் எரிக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். ராத்திரி 16 காவல் நிலையப் பகுதிகளில் ஊரடங்கு போட்டார்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்கா. மகள் பொம்மசந்திராவில் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த சமயம். அன்று வழக்கமாக வருகிற நேரத்துக்கு மகள் வரவில்லை. போன் போட்டால் போகவில்லை. அக்கா டி.வி. முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நம்ம பக்கம்தான் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குமே, அவருக்குக் கன்னடமும் நன்றாகத் தெரியும். தமிழ் சேனல் வைத்தால் பெங்களூரில் பஸ் எரிகிற படம். கன்னட சேனல் வைத்தால் ராமேஸ்வரத்தில் கர்நாடகா வண்டியை அடிக்கிற படம், சென்னையில் ஓட்டலைத் தாக்கிய படம். இரண்டு பாஷை தெரிந்தால் விஷயம் இரண்டு மடங்கு விளங்க வேண்டும். அவருக்கு வந்தது இரண்டு மடங்கு பயம்.

"அந்த பஸ்ஸையே திரும்பத் திரும்பக் காட்டறாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை. ஊர் முழுக்க எரியுதுன்னு நினைச்சேன்" என்று பிறகு சொன்னார். ராத்திரி பத்து மணிக்கு மயங்கி விழுந்தார். பிரஷர் ஏறிவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

மகள் என்ன ஆனாள்? கம்பெனியில் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். எல்லை தாண்ட பஸ் இல்லை என்று தெரிந்ததும், கூட வேலை செய்கிற பெண்ணோடு சந்தாபுராவில் அவள் ரூமில் தங்கிவிட்டாள். போனில் சார்ஜ் இல்லை. மறுநாள் காலையில் அத்திப்பள்ளி வரை எப்படியோ வந்து, அங்கிருந்து ஜுஜுவாடிக்கு நடந்தே வந்து சேர்ந்தாள். கலவரத்துக்குள் இருந்த மகள் நடந்து வருகிறாள், வீட்டுக்குள் இருந்த அம்மா குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருக்கிறார்.

நான் இதைக் கேலி செய்ய எழுதவில்லை. பெற்ற வயிறு துடிக்கத்தான் செய்யும். ஆனால் ஒன்று பாருங்கள். பஸ் எரிந்த டிசோசா நகர் மைசூர் ரோட்டுப் பக்கம் இருக்கிறது. பொம்மசந்திரா ஒசூர் ரோட்டில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இருபது கிலோமீட்டருக்கு மேல். "பெங்களூர் எரிகிறது" என்று சொன்ன டி.வி., எந்தப் பெங்களூர் என்று அக்காவுக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. அன்று அவருக்குத் தேவையாக இருந்த செய்தி இரண்டே இரண்டுதான். எங்கே நடக்கிறது என்பது ஒன்று. பஸ் எதுவரை ஓடுகிறது என்பது இன்னொன்று. ஐந்து மணி நேரம் டி.வி. பார்த்தும் அந்த இரண்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒசூர் பஸ் ஸ்டாண்டில் விசாரித்திருந்தால் இரண்டாவது கிடைத்திருக்கும். மகளுடன் வேலை செய்கிற ஒரு பெண்ணின் நம்பர் கையில் இருந்திருந்தால் மற்றது எல்லாமே கிடைத்திருக்கும்.

அதன் பிறகுதான் எங்கள் குழுவில் ஒரு வேலை செய்தோம். எல்லை தாண்டி வேலைக்குப் போகிற பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கூட வேலை செய்கிற இரண்டு பேர் நம்பரை வாங்கி, தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தோம். போனில் மட்டும் வைத்தால் போன் கெட்டால் போச்சு, அதனால் நோட்டிலும் எழுதினோம்.

காவிரிப் பிரச்சினை திரும்பத் திரும்ப வரக்கூடியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பு சொல்லி, அந்த ஆண்டே மேலாண்மை ஆணையமும் வந்துவிட்டது. இருந்தாலும் மழை குறைகிற வருஷத்தில் மறுபடி சூடாகும். 2023 செப்டம்பரில் அப்படித்தான் ஆனது. 26ஆம் தேதி பெங்களூர் பந்த், 29ஆம் தேதி கர்நாடகா பந்த். நம் பஸ்கள் ஒசூரோடு நின்றன. ஆனால் இந்த முறை தேதி முன்னாலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த வீடுகளில் பிள்ளைகள் ஷிப்டை மாற்றிக்கொண்டார்கள், சிலர் முதல் நாளே போய்த் தங்கிக்கொண்டார்கள். அன்று டி.வி.யில் என்ன கத்தினாலும் அவர்கள் வீட்டில் சமையல் நடந்தது. நல்ல செய்தி என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். மூன்று நாள் முன்னால் வந்த ஒரு வரி.

நம்மைப் பார்த்து அவர்கள் பயந்தபோது

இன்னொரு கதை சொல்ல வேண்டும். இது கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும்.

2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவை பொய்யானவை என்று தமிழ்நாடு காவல்துறை அறிவித்தது. எங்கேயோ எப்போதோ நடந்த வேறு சண்டைகளின் படத்தை இங்கே நடந்ததாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. அது ஹோலிப் பண்டிகை சமயம். வழக்கமாக ஊருக்குப் போகிற பையன்கள் ரயில் ஏறினார்கள். அதையும் "பார், ஓடுகிறார்கள்" என்று படம் போட்டார்கள்.

சிப்காட் பக்கம் லைன் வீடு வாடகைக்கு விட்டிருக்கிற நம் உறுப்பினர் ஒருவர் சொன்னார். அவர் வீட்டில் குடியிருந்த நாலு பீகார் பையன்கள் மூன்று நாள் வேலைக்குப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்களாம். ஊரிலிருந்து அம்மாக்கள் போன் செய்து ஒரே அழுகை. "வந்துடு வந்துடு"ன்னு. இவருக்கு இந்தி தெரியாது. ஒரு பையன் வீடியோ கால் போட்டு போனை இவர் கையில் கொடுத்துவிட்டான். "நான் என்னத்த பேசறது? அந்தம்மா என்னையே பாக்குது. நான் போனைத் திருப்பி, தெருவைக் காட்டினேன். பசங்க கிரிக்கெட் ஆடறாங்க, எதிர்வீட்டு ஆயா கீரை ஆயுது. அப்புறம் என் அடுப்பைக் காட்டினேன். அந்தம்மா சிரிச்சிட்டாங்க" என்றார்.

2016ல் நம் அக்கா எப்படி டி.வி.யைப் பார்த்து நடுங்கினாரோ, அதே மாதிரி 2023ல் பீகாரில் ஒரு தாய் நம் ஊர்ப் பெயரைக் கேட்டு நடுங்கியிருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் நாம்தான் எரிகிற ஊர். நாம் இங்கே கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்த பிறகு, எந்த ஊரைப் பற்றிச் செய்தி வந்தாலும் "அங்கே கீரை ஆய்கிற ஆயா இருப்பாளே" என்று எனக்குத் தோன்றும்.

வாட்ஸ்அப்பில் வருவதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். ஒரு அடையாளம் மட்டும் சொல்கிறேன். செய்திக்கு மேலே இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பலமுறை கை மாறி வந்தது என்று அர்த்தம். அனுப்பியவர் உங்கள் தம்பியாகவே இருந்தாலும் எழுதியவர் தம்பி இல்லை. 2018ல் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை அடித்தே கொன்றார்கள். குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதுதான் அவர் செய்த குற்றம். அந்த ஆண்டுதான் வாட்ஸ்அப் நிறுவனம் ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி நம் நாட்டில் கட்டுப்பாடு கொண்டு வந்தது. விரல் அழுத்துவது சுலபம், அதனால்தான் பயமாக இருக்கிறது.

பணத்தைப் பற்றி வரும் செய்தி

கடன் தள்ளுபடி பற்றிக் கேட்ட உறுப்பினருக்கு வருகிறேன். 2021ல் தமிழ்நாடு அரசு சுய உதவிக் குழுக் கடன் தள்ளுபடி அறிவித்தது உண்மை. ஆனால் அது கூட்டுறவு நிறுவனங்களில் 2021 மார்ச் 31 அன்று நிலுவையில் இருந்த குழுக் கடனுக்கு. மற்ற வங்கிக் கடனுக்கோ மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கோ அல்ல. செய்தி ஊருக்குள் வரும்போது "கூட்டுறவு" என்ற சொல் வழியில் விழுந்துவிட்டது! தள்ளுபடிதானே என்று வங்கித் தவணையைக் கட்டாமல் விட்டால், வட்டியும் ஏறும், அடுத்த கடனும் சிக்கலாகும். எனவே பணச் செய்தி வந்தால் மூன்று கேட்க வேண்டும். எந்த வங்கி, எந்தத் தேதி வரை, யார் கையெழுத்துப் போட்ட உத்தரவு. நம் வங்கிக் கிளையிலும் கூட்டமைப்பிலும் நேரில் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதிய பிறகுதான் தவணையில் கை வைக்க வேண்டும். "இந்த லிங்க்கை அழுத்தினால் பணம் வரும்" என்று வந்தால் கேட்கவே வேண்டாம், அழித்துவிடுங்கள். ஏமாந்து பணம் போயிருந்தால் வெட்கப்படாமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

சரி, நியூஸே வேண்டாம் என்று இருந்துவிட்டால்? அதுவும் முடியாது. ராகி அறுப்புச் சமயத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் தளி, ஜவளகிரி வழியாக சானமாவு வரை வருகிறது. கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று வனத்துறை சொல்வதைக் கேட்காமல் விடியற்காலையில் வயலுக்குப் போக முடியுமா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்கள் வெள்ளத்தில் உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். புயல் கடலோரத்தோடு போய்விடும் என்று நினைக்கிற நம் ஊரில்! மஞ்சள் எச்சரிக்கை என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் கெலவரப்பள்ளி, கே.ஆர்.பி. அணைகளில் தண்ணீர் திறக்கிற அறிவிப்பு வந்தால் ஆடு மாட்டை மேட்டுக்கு ஓட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலக எண் 1077.

யானை, மழை, அணை, பந்த் தேதி, தவணை. இவையெல்லாம் கேட்டவுடன் கை ஏதாவது செய்யும். விளக்கை எடுக்கும், மாட்டை அவிழ்க்கும், ஷிப்டை மாற்றும். கேட்டபின் கைக்கு வேலை இல்லாத செய்திதான் நெஞ்சுக்குள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்காக உலகத்தைப் பற்றியே தெரிய வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அவ்வளவு பாடுபட்டுப் படித்தது பஸ் போர்டு பார்க்க மட்டும்தானா? ஆனால் அதைக் காலையில் பேப்பரில் படியுங்கள். பேப்பர் ஒரு இடத்தில் முடிந்துவிடும், மடித்து வைக்கலாம். டி.வி.க்கு மடிப்பு கிடையாது. அதிலும் ராத்திரி ஒன்பது மணி விவாதம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் நம் குழுக் கூட்டத்தில் ஊக்குநர் அபராதம் போடுவார்.

சில குழுக்களில் இப்போது வாரக் கூட்டத்தில் சேமிப்பு வசூலானதும் பத்து நிமிடம் "செய்தி" என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு உறுப்பினர் அந்த வாரத்தில் தெரிய வேண்டியதை விசாரித்து வந்து சொல்கிறார். மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்திருக்கிறார்கள். எங்கே கேட்டேன், யார் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லாமல் போகிறது.

"நியூஸே பாக்கமாட்டேன்" என்றாரே, அவர் குழுவில் இந்த மாத முறையே அவருக்குத்தான். போன வாரம் மூன்று செய்தி சொன்னாராம். யானை சானமாவுப் பக்கம் நிற்கிறது, வியாழக்கிழமை பேங்க் லீவு, ராகி கொள்முதல் நிலையத்துக்குச் சிட்டா, அடங்கல் எடுத்துப் போக வேண்டும். நாலாவதாக ஒன்று ஆரம்பித்து, "இது எனக்கே சரியாத் தெரியலை, வி.ஏ.ஓ. கிட்ட கேட்டுட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டாராம்.