ஆறாவது மகன் வெட்டிய கால்வாய்

காட்டூர், பழவேற்காடு பக்கத்து மக்கள் தலைமுறைகளாகப் புழங்கிவரும் பக்கிங்காம் கால்வாய்க்கு முதலில் காக்ரேன் கால்வாய் என்று பெயர். அதன் முதல் பகுதிக்குப் பணம் போட்ட பேசில் காக்ரேன், ஸ்காட்லாந்தின் டன்டொனால்டு ஏர்ல் என்ற பட்டம் கொண்ட பிரபு குடும்பத்தில் 1753இல் பிறந்தவர். எட்டாவது ஏர்லின் ஆறாவது மகன்.

அந்தக் குடும்பங்களில் நம் ஊர்ப் பாகப்பிரிவினைக்கு இடமில்லை. பட்டமும் பரம்பரைச் சொத்தும் மூத்தவருக்கே. இளையவர்கள் படையிலோ கடற்படையிலோ இந்தியாவிலோ பிழைப்பைத் தேட வேண்டும். பேசில் இளவயதிலேயே மதராசில் கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்துக்கு வந்தார். பிறகு பிரிட்டிஷ் கடற்படைக்கு உணவுப்பொருள் வழங்கும் குத்தகையை எடுத்துப் பெரும் பணக்காரரானார்.

1778இல் பட்டத்துக்கு வந்த அண்ணன் ஆர்ச்சிபால்டுக்கோ அதோடு கடனும் வந்து சேர்ந்தது. நிலக்கரியிலிருந்து தார் எடுக்கும் முறைக்கு 1781இல் காப்புரிமை பெற்றார். மரக்கப்பலின் அடிப்பாகத்தைப் புழு அரிக்காமல் காக்க அது உதவும் என்று நம்பினார். கடற்படையோ செப்புத் தகடு அடிக்கத் தொடங்கிவிட்டது. கையிருப்பெல்லாம் ஆராய்ச்சியில் கரைய, ஒன்பதாவது ஏர்ல் 1831இல் பாரிசில் வறுமையில் இறந்தார்.

பேசில் பணம் சேர்த்த காலத்தில் மதராசில் துறைமுகம் இல்லை. அலையைத் தாண்டிச் சரக்கேற்றுவது ஆபத்து, செலவும் அதிகம். கரையோரமாகவே ஒரு நீர்வழி அமைந்தால் வளரும் நகருக்கு வேண்டிய விறகும் உப்பும் கடலுக்குள் போகாமலே வந்து சேரும். மதராசிலிருந்து எண்ணூர் வரை சுமார் 18 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டிய கால்வாய் 1806இல் முடிந்தது. பின்னர் பழவேற்காடு ஏரிவரை நீண்டது. காற்று வாய்த்தால் படகுகள் பாய் விரிக்கும். இல்லையென்றால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். கரையில் நடந்தபடி கயிறு கட்டியும் இழுப்பார்கள்.

1807 வாக்கில் பேசில் தாயகம் திரும்பினார். லண்டன் போர்ட்மன் சதுக்க வீட்டில் நீராவிக் குளியல் சிகிச்சை நடத்தினார். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது அங்கேதான் எண்ணெய் தேய்த்து உடம்பு பிடித்துவிடும் வேலை பார்த்தார். 1810இல் லண்டனில் இந்திய உணவகம் திறந்தவரும் அவரே. கடற்படைக் கணக்கு வழக்குகள் பேசிலைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தன. 1826இல் அவர் காலமானார்.

கால்வாயை 1837இல் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1877-78 தாதுவருடப் பஞ்சத்தில் நிவாரணக் கூலிக்கு வந்த மக்களைக் கொண்டு கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே 8 கிலோமீட்டர் இணைப்பு வெட்டப்பட்டது. அப்போதைய மதராஸ் ஆளுநர் பக்கிங்காம் கோமகன். கால்வாய்க்கு அவர் பெயர் வந்தது. அவருக்கு ஆண் வாரிசு இல்லாததால் 1889இல் அவரோடு அந்தக் கோமகன் பட்டம் மறைந்தது. டன்டொனால்டு பட்டம் இன்றும் காக்ரேன் குடும்பத்தில் தொடர்கிறது.