இளஞ்சிறார்க்கு உரிய நீதி

இளஞ்சிறார் குற்றஞ் செய்யின் தண்டித்தல் தக்கதோ, திருத்துதல் தக்கதோ? திருத்துதலே நோக்கமாக அன்றைய சென்னை மாகாணம் 1920-ஆம் ஆண்டிலேயே சிறார் சட்டம் இயற்றிற்று. இன்று கிள்ளையில் 18 வயது நிரம்பாத சிறுவனொருவன் களவு செய்து பிடிபடின், அவனை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமமே. அதில் நடுவர் ஒருவரும், சமூகப் பணியாளர் இருவரும் அமர்வர். அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும்.

ஆயினும், 16 வயது நிரம்பியோர் கொடுங்குற்றஞ் செய்யின், அவர்தம் மனநிலையையும் சூழ்நிலையையும் ஆராய்ந்து, வயதுவந்தோரைப்போல விசாரிக்கவும் 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தருகின்றது. சிறாரின் கருத்தைக் கேட்டல் வேண்டுமென்பதும் அச்சட்டத்தின் விதியே. மாணவராகிய நாம் வற்புறுத்துவது இதனையே. இழந்தோர் துயரை நாம் மறந்திலோம். எனினும், வறுமையோ தீயோர் நட்போ அவனை அவ்வழிச் செலுத்தியது எதுவென அவன் வாயாற் கேளாது வழங்கும் தீர்ப்பு, அவனைத் திருத்துமாறு யாங்ஙனம்?