இலவச விளையாட்டுக்கு எதற்கு யுபிஐ பின்?

‘ஏழு நாள் இலவசம், விளையாடிப் பாருங்கள்’ என்று திரை அழைக்கிறது. பட்டனைத் தொட்டால் விளையாட்டு திறப்பதில்லை. கார்டு எண் கேட்கும் பக்கம் வருகிறது. கார்டு இல்லையென்றால் யுபிஐ போதும், ஒரே ஒரு ரூபாய்தான், அதுவும் திரும்ப வந்துவிடும் என்கிறது அதற்கடுத்த வரி. அண்ணாமலைநகர் விடுதியில் ராத்திரி பதினோரு மணிக்குப் படுத்தபடி போனைப் பார்க்கும் மாணவர் ஒரு ரூபாய்க்காக யோசிக்கப்போவதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் அம்மாவின் போனை வாங்கி விளையாடும் எட்டாம் வகுப்புப் பையனும் யோசிக்கப்போவதில்லை. அம்மாவின் பின் நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

அந்த ஒரு ரூபாயோடு சேர்ந்து கைமாறுவது ஒரு தொடர் அனுமதி. இலவச நாட்கள் முடிந்ததும் மாதாமாதம் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக்கொடுப்பதற்குச் சமம் அது. வங்கிக்காரர்கள் இதை இ-மேண்டேட் என்பார்கள். போனில் ஆட்டோபே என்று வரும். பின் நம்பர் கேட்கும் பக்கத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். எவ்வளவு தொகை வரை எடுக்கலாம், எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கலாம், எந்தத் தேதியில் தொடங்கும், எந்தத் தேதியில் முடியும் என்று அதிலேயே இருக்கும். விளம்பரத்தில் மாதம் 99 ரூபாய் என்று இருந்தாலும், அனுமதிக்கும் அதிகபட்சத் தொகை அதைவிடப் பெரிதாக இருக்கலாம். முடிவுத் தேதி பல வருஷம் தள்ளி இருக்கலாம். பெரும்பாலானவர்கள் கண்ணில் படுவது மேலே உள்ள ஒரு ரூபாய் மட்டும்.

இந்தப் பழக்கத்தைச் சட்டம் கண்டுகொள்ளாமல் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன் எனப்படும் ஏமாற்றுத் திரை வடிவமைப்புகளைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பதின்மூன்று வகைகள் அதில் பட்டியலிடப்பட்டுள்ளன. ஒன்று, சந்தாப் பொறி. ரத்துசெய்யும் வழியை ஒளித்துவைப்பது, ரத்துசெய்வதைச் சிக்கலாக்குவது, குழப்பமாக எழுதிவைப்பது எல்லாம் அதற்குள் வரும். அவற்றோடு இதுவும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருக்கிறது: இலவசச் சந்தாவைப் பெறுவதற்காகப் பணம் செலுத்தும் விவரங்களையோ, தானாகப் பணம் எடுக்கும் அனுமதியையோ தரும்படி பயனரைக் கட்டாயப்படுத்துவது. இந்தியாவில் தொடர்ந்து சேவை விற்கும் எல்லாத் தளங்களுக்கும் இது பொருந்தும். கம்பெனி ஜப்பானில் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கிறது என்பது விலக்கு ஆகாது.

நாங்கள் தருவது இலவசச் சந்தா இல்லை, வெறும் ட்ரையல் என்று கம்பெனிகள் வாதிடலாம். ட்ரையல் முடிந்த நொடியில் கேட்காமலே கட்டணச் சந்தாவாக மாறும் ஒன்றை வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தவிர, 2022 ஜூன் 9 அன்று வந்த தவறான விளம்பரங்கள் குறித்த வழிகாட்டு நெறிமுறைகள், இலவசம் என்று விளம்பரப்படுத்துபவர் அதற்காக வாடிக்கையாளர் எதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்கின்றன. மின்வணிக விதிகள் 2020, முன்கூட்டியே டிக் அடித்துவைத்த பெட்டியைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கின்றன.

கார்டு இல்லாமல் இலவசமாக விளையாட விடுவது தொழில்நுட்பத்தால் முடியாத காரியமும் இல்லை. மாதச் சந்தா விளையாட்டுகளிலேயே பெயர்பெற்ற ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2011 முதல் இருபதாவது லெவல் வரை சந்தா இல்லாமல் விளையாடவிட்டது. ‘ஃபைனல் ஃபேன்டஸி 14’ நாள் கணக்கே வைக்காமல் இலவச ட்ரையல் தருகிறது. அதற்குக் கார்டு விவரம் கேட்பதில்லை. போலிக் கணக்குகளைத் தடுக்கத்தான் கார்டு கேட்கிறோம் என்று சொல்லும் கம்பெனி போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கலாமே. பண்ருட்டியில் முந்திரி வாங்கப் போனால் கடைக்காரர் ருசி பார்க்க நாலு பருப்பை உள்ளங்கையில் வைப்பார். அதற்காக நம் பர்ஸை வாங்கித் தன் கல்லாவில் வைத்துக்கொள்ள மாட்டார்.

வெளிநாடுகளில் இந்த விஷயத்தில் பெரிய கம்பெனிகளே இறங்கிவந்திருக்கின்றன. பிரிட்டனின் போட்டிகள் மற்றும் சந்தைகள் ஆணையம் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், நின்டென்டோ மூன்றின் தானாகப் புதுப்பிக்கும் சந்தாக்களையும் விசாரித்தது. விளையாடாமலே நெடுநாள் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்களைத் தேடி நினைவூட்டுவதாக 2022 ஜனவரியில் எக்ஸ்பாக்ஸின் மைக்ரோசாஃப்ட்டும், ஏப்ரலில் பிளேஸ்டேஷனின் சோனியும் உறுதி கொடுத்தன. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை முதலிலேயே போட்டுவைத்து விற்பதை நின்டென்டோ கைவிட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் ‘ஃபோர்ட்நைட்’ நடத்தும் எபிக் கேம்ஸ், விளையாடுபவர்கள் கேட்காத கட்டணங்களுக்காக 24.5 கோடி டாலரைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. பெற்றோரின் கார்டு சேமிக்கப்பட்டிருந்ததால் பிள்ளைகள் பட்டன் தட்டியே செலவு செய்துவிட்டார்கள் என்பது அங்கே எழுந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று.

கடலூர் மாவட்டத்தில் இதே பட்டன் எந்தக் கணக்கைத் தொடுகிறது என்று பாருங்கள். பல வீடுகளில் ஒரு ஸ்மார்ட்போன்தான், அதில் அம்மாவின் கணக்கு. மாதம் ஆயிரம் ரூபாய் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை வரும் கணக்காகவும் அது இருக்கும். அதில் 299 ரூபாய் போனால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பணம் எடுக்கப்போகிறோம் என்ற எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் வரும், லோன் விளம்பரங்களுக்கும் ரீசார்ஜ் நினைவூட்டல்களுக்கும் நடுவே. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் அதைத் திறந்து படிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மறதியை நம்பி நடக்கும் வியாபாரம் இது; நேரமும் ஆங்கிலமும் குறைவாக இருக்கும் வீட்டில்தான் அதற்கு வசூல் அதிகம்.

அந்த எஸ்எம்எஸ்ஸே ரிசர்வ் வங்கி வாங்கிக்கொடுத்த உரிமை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 ஆகஸ்டில் கார்டுகளுக்கும், 2020 ஜனவரியில் யுபிஐக்கும் கொண்டுவந்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தன. முதல் அனுமதிக்கு ஓடிபியோ பின் நம்பரோ வேண்டும். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும். அந்தத் தகவலைப் பார்த்து அந்த ஒரு தவணையை மட்டும் நிறுத்தலாம், மொத்த அனுமதியையும் ரத்துசெய்யலாம். இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. ஒருமுறை அனுமதி கொடுத்தபின் இந்த மாதிரிச் சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை பின் கேட்காமலே எடுக்கலாம் என்பது அதே விதிகளின் மறுபக்கம்.

ஆகவே முதல் வேலை உங்கள் போனிலேயே இருக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் யுபிஐ செயலியில் ஆட்டோபே அல்லது மேண்டேட் என்ற பகுதியைத் திறந்தால் உயிரோடு இருக்கும் அனுமதிகள் அத்தனையும் தெரியும். வேண்டாததை அங்கேயே ரத்துசெய்யலாம். பின் நம்பர் கேட்கும், அவ்வளவுதான். கார்டில் கொடுத்திருந்தால் வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ இ-மேண்டேட் பகுதியைத் தேடுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் கிளைக்குப் போய் எழுதிக்கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு விளையாட்டின் பக்கத்தில் சந்தாவையும் தனியாக ரத்துசெய்ய வேண்டும். செயலியை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா போய்விடும் என்று நினைப்பது மிகப் பரவலான தவறு. கூகுள் ப்ளேயிலோ ஆப்பிளிலோ எடுத்த சந்தா, விளையாட்டை நீக்கிய பிறகும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ட்ரையல் எடுத்தே தீருவேன் என்பவர் சேர்ந்த நிமிடமே ரத்துசெய்துவிடுவது நல்லது. பல சேவைகளில் அதன்பிறகும் இலவச நாட்கள் முழுக்கக் கிடைக்கும். ஆப்பிள் ஆர்கேட் போன்ற சிலவற்றில் ரத்துசெய்த உடனே கதவு மூடிவிடும். அங்கே கடைசி நாளுக்கு முந்தின நாள் போனில் அலாரம் வையுங்கள். டெபிட் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் அணைத்துவைக்க முடியும், அதை அணைத்தே வைத்திருங்கள். வெளிநாட்டுத் தளங்கள் சில ஓடிபி கேட்காமலே கார்டில் எடுக்கப் பார்க்கும்.

பணம் போய்விட்டால்? கூகுள் ப்ளே வழியாகப் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கேட்பது எளிது. அது தாண்டினால் விளையாட்டுக் கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும். மின்வணிக விதிகளின்படி அவர்களுக்குக் குறைதீர்ப்பு அலுவலர் இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இமெயிலில் நாலே வரி போதும்: எந்தத் தேதியில் சேர்ந்தேன், திரையில் என்ன எழுதியிருந்தது, எப்போது எவ்வளவு போனது, என்ன வேண்டும்.

அம்மாவின் போனில் விளையாடும் அந்தப் பையன் விஷயத்துக்கு வருவோம். பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன்படி செல்லாது. 1903-இலேயே பிரிவி கவுன்சில் ஒரு வங்காள வழக்கில் உறுதிசெய்த விஷயம் அது. ஆனால் வங்கியிடம் போனால், சரியான பின் நம்பர்தானே போட்டிருக்கிறது, இது அனுமதியில்லாத பரிவர்த்தனை ஆகாது என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் இந்தச் சண்டையை வங்கியோடு போடாமல் விளையாட்டுக் கம்பெனியோடு போடுங்கள். வங்கியைப் பிடிக்க வேண்டியது வேறு இடத்தில்: முன்தகவல் வராமலே பணம் போனால், அல்லது நீங்கள் ரத்துசெய்த பிறகும் போனால். முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியாக இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கு இணையத்திலேயே எழுதலாம். கட்டணம் கிடையாது.

கம்பெனி மசியாவிட்டால் 1915-ஐ அழையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. இதில் ஒன்று பலருக்குத் தெரிவதில்லை. பழைய சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை எழுந்த ஊரையோ வைத்துத்தான் வழக்குப் போட முடிந்தது. 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு, புகார்தாரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று மாற்றிவிட்டது. பெங்களூருக் கம்பெனியானாலும் கலிபோர்னியாக் கம்பெனியானாலும் சிதம்பரத்தில் குடியிருப்பவர் கடலூரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதிவுசெய்யலாம், கேட்டால் வீடியோ வழியாக ஆஜராகலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போட்டாக வேண்டும். போன பணத்தோடு மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் கேட்கலாம். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் நீளும், தெரிந்தே இறங்குங்கள். சேரும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. விலையை எத்தனை சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இங்கே சொன்னதெல்லாம் நேர்மையாகச் சந்தா வாங்க அனுமதி உள்ள விளையாட்டுகளைப் பற்றி. 2025 ஆகஸ்ட் 22 அன்று ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. பந்தயம் இல்லாமல் சந்தா மட்டும் வாங்கும் விளையாட்டுகளை அது அனுமதிக்கிறது. விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்ட், யூசி இலவசமாகத் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்குகள் இந்த இரண்டிலும் சேராத மோசடி. அங்கே கார்டு விவரமோ பின் நம்பரோ கொடுத்துவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிக்கொண்டு உட்கார நேரமில்லை. உடனே வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்கிவிட்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

99 ரூபாய்க்கு யார் வழக்குப் போடுவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. பலரை ஒன்றாகப் பாதிக்கும் முறைகேடு பற்றி மாவட்ட ஆட்சியரிடமே புகார் தரலாம் என்கிறது 17-ஆம் பிரிவு; மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கேட்டால் விசாரித்து அறிக்கை அனுப்பும் அதிகாரம் 16-ஆம் பிரிவில் அவருக்கு உண்டு. அந்த ஆணையம் பிறப்பிக்கும் உத்தரவை மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இருபது லட்சம் ரூபாய் வரை அபராதம். ஒரே விடுதியில் ஒரே விளையாட்டிடம் பணத்தை விட்ட பத்துப் பேர் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம். ஸ்கிரீன்ஷாட்டுகளையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைத்து, திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.