கரஸில் படிப்பவருக்கு நூலகம் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் பாதிப் பேர் கரஸில் படிப்பவர்களே. பாடப் புத்தகம் தபாலில் வந்துவிடும். தேர்வுக்கு முன் ஒரு கைடு வாங்கினால் தேறிவிடலாம். நேர்முக வகுப்புக்குப் போகாவிட்டாலும் குடி முழுகிவிடாது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கிய காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. சாத்தூரில் வேலை பார்ப்பவர் ஒரு புத்தகத்துக்காகச் சென்னைவரை ரயில் ஏற முடியுமா?

இன்று அந்த நியாயம் செல்லாது. ஐஐடி காரக்பூர் உருவாக்கிய இந்திய தேசிய டிஜிட்டல் நூலகம் 2018 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை 'ஷோத்கங்கா' தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். தமிழில் எழுதப்பட்டவையும் அங்கே உண்டு. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025-ல் நடைமுறைக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கானது இது.

ஆனால் கதவு எங்கே இருக்கிறது என்று மாணவருக்குச் சொல்ல ஆளில்லை. கட்டண ஆய்விதழ்கள் பெரும்பாலும் வளாகத்தின் இணைய முகவரியைப் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. வளாகத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் கட்டுரை தானாகத் திறக்கும். வீட்டிலிருந்து கைபேசியில் பார்ப்பவரிடம் அதே கட்டுரை பணம் கேட்கும். அவர் பல்கலைக்கழகம் தரும் பயனர் பெயரோடு, 'இன்ஃபெட்' போன்ற உள்நுழைவு வழியாக வர வேண்டும். இது தெரியாதவர், தனக்கு உரிமையுள்ள கட்டுரையின் முன் நின்றுகொண்டு, பணம் கட்டினால்தான் கிடைக்கும் போலிருக்கிறது என்று திரும்பிவிடுகிறார். அந்தக் கட்டுரைக்கான பணத்தை அரசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் நேரலை நூலக வகுப்புகள். இதில் நீண்ட அனுபவம் உள்ளது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1969-ல் அரச சாசனம் பெற்று, 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த நிறுவனம். மில்டன் கீன்ஸ் வளாகத்தில் இருந்த அதன் நூலகம் தொடக்கத்தில் பெரும்பாலும் பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கே பயன்பட்டது. மாணவர்கள் தங்கள் ஊர் நூலகங்களைப் பார்த்துக்கொண்டார்கள். மின்னிதழ்கள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இன்று அதன் நூலகர்கள் தேடுவது, மேற்கோள் காட்டுவது, கருத்துத் திருட்டைத் தவிர்ப்பது ஆகியவற்றுக்கு நேரலை வகுப்பு நடத்துகிறார்கள். வர முடியாதவர்களுக்குப் பதிவும் உண்டு. ஒரு தகவலை நம்பலாமா என்று சோதிக்க 'பிராம்ப்ட்' என்ற ஆறு கேள்விகளைச் சொல்லித் தருகிறார்கள்: தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா, நம் தலைப்புக்குப் பொருந்துமா, ஒருபக்கச் சார்பு இருக்கிறதா, தகவலை எப்படித் திரட்டினார்கள், யார் எழுதியது, எப்போது எழுதியது.

நேரலையில் இதெல்லாம் எப்படி நடக்கும்? ஓர் உதாரணம் சொல்கிறேன். 'தமிழகத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்களின் பொருளாதாரத் தாக்கம்' என்பது அசைன்மென்ட் தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். மாணவர் முழு வரியையும் தேடுபொறியில் தட்டுவார். செய்தித் துணுக்குகளும், யாரோ எழுதி வைத்த ரெடிமேட் கட்டுரைகளும் வந்து கொட்டும். நூலகர் தன் திரையைப் பகிர்ந்து அதே தவறான தேடலை முதலில் செய்து காட்டுகிறார். பிறகு தலைப்பை உடைக்கிறார். இதில் உயிரான சொற்கள் எவை? சுய உதவிக் குழு, வருமானம், தமிழ்நாடு. தமிழ்வழி மாணவருக்கு இங்கேதான் முட்டும். ஆய்விதழ்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். 'செல்ஃப் ஹெல்ப் குரூப்' என்று தேட வேண்டும், சிலர் இதையே 'மைக்ரோ ஃபைனான்ஸ்' என்ற தலைப்பில் எழுதியிருப்பார்கள், ஆகவே இரண்டையும் 'ஆர்' போட்டு இணைக்க வேண்டும், தமிழ்நாட்டை 'ஆண்ட்' போட்டுச் சேர்க்க வேண்டும், சொற்கள் பிரியாமல் இருக்க மேற்கோள் குறிக்குள் அடைக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தது அடுத்த நிமிடமே படிக்கக்கூடிய அளவுக்குச் சுருங்குகிறது. ஷோத்கங்காவில் ஒரு நல்ல ஆய்வேடு சிக்கினால் அதன் கடைசிப் பக்கங்களுக்குப் போகச் சொல்கிறார்: அந்த ஆய்வாளர் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த நூற்பட்டியல் அங்கே அப்படியே இருக்கிறது.

இதை வீடியோவாகப் போட்டுவிட்டால் போதாதா என்பார்கள். போடலாம், போடவும் வேண்டும். ஆனால் வீடியோவிடம் "சார், எனக்கு பாஸ்வேர்டு வரலை" என்று சொல்ல முடியாது. நேரலையில் சாட் பெட்டி இருக்கிறது. நாற்பது வயதில் மறுபடி படிக்க வந்தவர் வகுப்பறையில் எழுந்து கேட்கக் கூச்சப்படும் கேள்வியைச் சாட்டில் நூலகருக்கு மட்டும் அனுப்பிவிடுவார். என்னைக் கேட்டால், திரையில் ஓடும் பாடத்தைவிட அந்தப் பெட்டிக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால்தான் இத்தகைய வகுப்புக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் பேச, ஒருவர் சாட்டைக் கவனிக்க. ஒருவரே இரண்டையும் செய்தால் இரண்டுமே கெடும்.

வேறு சில நடைமுறைகளும் உண்டு. வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை பதினோரு மணி வகுப்பு வைத்துப் பயனில்லை; இரவு எட்டு மணிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பாதிப் பேர் கைபேசியில் இருப்பார்கள் என்பதால் திரையில் எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். கேமராவை அணைக்கச் சொன்னால் அவர்களுடைய டேட்டா மிஞ்சும்.

பெரிய சிக்கல் வருகைதான். 'நூலகத் திறன் பயிற்சி' என்று தனியாக அறிவித்தால், நன்றாகத் தேடத் தெரிந்தவர்களே வந்து உட்காருவார்கள். தேவைப்படுகிறவர்கள் வரமாட்டார்கள். பாட ஆசிரியர் தன் வகுப்பிலேயே அரை மணி நேரத்தை நூலகருக்குக் கொடுத்து, அடுத்து எழுத வேண்டிய அசைன்மென்ட்டையே உதாரணமாக எடுக்கச் செய்தால் கூட்டம் இருக்கும். அந்த அரை மணி நேரத்தில் இப்போது இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் போட்டு மேற்கோள் தருகின்றன. அந்த நூல் உண்மையில் இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் சரிபார்க்கக் கற்றுத் தர ஐந்து நிமிடம் போதும்.

நேரலைக் கல்வி நமக்குப் புதிதல்ல. படம் ஒருவழி, பேச்சு இருவழி என்று இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைக்காட்சி வகுப்புகள் நடத்தியிருக்கிறது. கல்விக்கென்றே 2004-ல் எஜுசாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. நூலகர்களின் பங்கும் புதிதல்ல. சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் ஐந்து விதிகளில் ஒன்றாகவே 1931-ல் எழுதி வைத்தார். ஆய்விதழ்களுக்குக் கோடிகளை ஒதுக்கிவிட்டு, அவற்றைத் திறக்கக் கற்றுத் தரும் நூலகர் பணியிடங்களைக் காலியாக வைத்திருந்தால் அந்தச் சந்தா வீண்செலவு.

நீங்கள் தொலைநிலைக் கல்வியில் படிப்பவர் என்றால் உங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு இந்த வாரமே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வீட்டிலிருந்து நுழைய எனக்குப் பயனர் பெயர் உண்டா, அடுத்த இணையவழிப் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். பயிற்சியே இல்லை என்று பதில் வந்தால், நடத்தச் சொல்லிக் கேளுங்கள். கட்டணம் கட்டிய மாணவருக்கு அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது.