பிசிக்ஸ் படிச்சவருக்கு கெமிஸ்ட்ரி நோபல்

பயோகெமிஸ்ட்ரின்னா பயாலஜியா, கெமிஸ்ட்ரியா? இந்தக் குழப்பம் உங்களுக்கும் இருந்தா, வெங்கி ராமகிருஷ்ணனோட பயோடேட்டாவைப் பாருங்க. 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். (மூணு வயசுலயே பரோடா போயிட்டார், அதனால கடலூர் மாவட்டம் ரொம்ப உரிமை கொண்டாட முடியாது!) அப்பா பரோடா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர். மகன் எடுத்தது இயற்பியல். 1976-ல் அதில் பிஎச்.டி. முடிச்சுட்டு, மறுபடி மாணவராகச் சேர்ந்து உயிரியல் படித்தார். 2009-ல் கிடைத்ததோ வேதியியல் நோபல், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் சேர்த்து.

அவர் ஆராய்ந்தது ரைபோசோம். செல்லுக்குள்ள அமினோ அமிலங்களைக் கோத்து புரதம் செய்யிற மெஷின். எந்த அமிலத்துக்கு அப்புறம் எது வரணும்கிற செய்தி டி.என்.ஏ.வில் இருந்து ஆர்.என்.ஏ. வழியா வருது. அதைப் படிக்கிறது மூலக்கூறு உயிரியல். ரெண்டு அமிலத்தை இணைக்கிற பெப்டைட் பிணைப்பு எப்படிப்பட்டது? அது ஆர்கானிக் கெமிஸ்ட்ரி. அந்தப் பிணைப்பை லேப்ல உடைக்க, வலுவான அமிலத்தில் போட்டு 110 டிகிரியில் மணிக்கணக்கா சூடாக்கணும். நீங்க சாப்பிட்ட பருப்புல இருக்கிற அதே பிணைப்பை உங்க குடல் 37 டிகிரியிலேயே உடைச்சிடுது. என்சைம் இதை எப்படிச் செய்யுதுன்னு கேட்கிற இடம்தான் பயோகெமிஸ்ட்ரி.

சரி, பிசிக்ஸ் எங்க வந்தது? ரைபோசோமைப் படிகமாக்கி, அதில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, சிதறி விழும் புள்ளிகளில் இருந்து அணுக்களின் இடத்தைக் கணக்கிட்டாங்க. வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமில், சின்ன பாதியின் அமைப்பை வெங்கியின் குழு 2000-ல் வெளியிட்டது.

இதனால யாருக்கு லாபம்? டெட்ராசைக்ளின், ஸ்ட்ரெப்டோமைசின் மாதிரி மருந்துகள் அந்தச் சின்ன பாதியில்தான் போய் ஒட்டுது. பாக்டீரியாவோட புரத உற்பத்தி கெட்டுப்போகுது. நம்ம ரைபோசோம் அமைப்பு வேற, அதனால நாம தப்பிக்கிறோம். பாக்டீரியா அந்த இடத்தைக் கொஞ்சம் மாத்திக்கிட்டா மருந்து பிடிக்காது. அப்போ புது மருந்தை வடிவமைக்க இந்த வரைபடம் வேணும். கடலூர் சிப்காட்ல மருந்து கம்பெனி இன்டர்வியூவுக்குத் தயாராகிற கெமிக்கல் பசங்களே, நீங்க ரியாக்டர்ல பார்க்கப் போற மூலக்கூறுக்கும் உடம்புக்குள்ள இப்படி ஒரு முகவரி இருக்கும்.

இந்தப் பக்கம் வர ஆசை இருந்தா, கேட் தேர்வில் 'எக்ஸ்எல்'னு ஒரு லைஃப் சயின்சஸ் பேப்பர் இருக்கு. அதில் கெமிஸ்ட்ரி கட்டாயம். பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, தாவரவியல், விலங்கியல், உணவுத் தொழில்நுட்பம், இதில் ஏதாவது ரெண்டு நீங்க எடுக்கணும். பி.இ. படிக்கிறவங்களும் எழுதலாம். ஆனா சேர நினைக்கிற இடத்தோட தகுதி விதியை முதல்ல பார்த்துடுங்க, சில இடத்தில் பிராஞ்சும் கேட்பாங்க.