பிளாக்ஜாக் ஆட்டத்தில் கைமுதல் மேலாண்மை

பிளாக்ஜாக் ஆட்டத்தில் கைமுதல் மேலாண்மை என்பது, ஆட்டத்துக்கென ஒதுக்கிய பணத்தின் அளவு, ஒவ்வொரு கையிலும் வைக்கும் பந்தயத்தின் அளவு, ஆடும் கைகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் கணக்கிட்டு, பணம் முழுவதும் கரைந்துபோகும் வாய்ப்பைக் கட்டுப்படுத்தும் முறையாகும். ஆட்டத்துக்கென ஒதுக்கிய அந்தப் பணமே கைமுதல் எனப்படுகிறது. இம்முறை இழப்பின் வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் மாற்றும். நட்டம் தரும் ஆட்டத்தை இலாபம் தரும் ஆட்டமாக இது மாற்றாது. இவ்வேறுபாட்டை அறியாமல் பலர் பணம் இழக்கின்றனர்.

ஆட்டமும் விடுதியின் சாதகமும்

பிளாக்ஜாக்கில் ஆடுபவர் சீட்டு பகிர்பவரை மட்டும் எதிர்த்து ஆடுகிறார். சீட்டுகளின் கூட்டுத்தொகை 21-ஐத் தாண்டாமல், பகிர்பவரின் தொகையைவிடக் கூடுதலாக இருந்தால் வெற்றி. ஆடுபவர் முதலில் சீட்டு வாங்குகிறார். அவர் 21-ஐத் தாண்டிவிட்டால், பகிர்பவர் பின்னர் தாண்டினாலும் பந்தயம் திரும்பக் கிடைக்காது. விடுதியின் சாதகம் இந்த வரிசையிலிருந்தே பிறக்கிறது.

சராசரியாக 100 கைகளில் ஆடுபவர் 42-ல் வெல்கிறார், 49-ல் தோற்கிறார், எஞ்சியவை சமனில் முடிகின்றன. இதைப் பார்த்தால் இழப்பு மிக அதிகம் போலத் தோன்றும். ஆனால் முதல் இரு சீட்டுகளிலேயே 21 அமைந்தால் 10 டாலருக்கு 15 டாலர் கிடைக்கிறது. சாதகமான நிலையில் பந்தயத்தை இரட்டிப்பாக்கவும், ஒரே மதிப்புள்ள இரு சீட்டுகளைப் பிரித்து ஆடவும் உரிமை உண்டு. இவற்றைச் சரியாகப் பயன்படுத்தினால், நல்ல விதிகள் உள்ள மேசையில் விடுதியின் சாதகம் ஏறத்தாழ 0.5 விழுக்காடாகக் குறைகிறது. அதாவது 10 டாலர் பந்தயத்துக்குச் சராசரி இழப்பு 5 சென்ட்.

வரலாறு

எந்தச் சூழலில் சீட்டு வாங்க வேண்டும், எதில் நிறுத்த வேண்டும் என்பதைக் கூறும் விதித்தொகுப்பு அடிப்படை உத்தி எனப்படுகிறது. அமெரிக்க இராணுவத்தின் அபர்டீன் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கேன்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட் ஆகிய நால்வர் மேசைக் கணிப்பொறிகளைக் கொண்டே இதனைக் கணக்கிட்டு 1956-ல் வெளியிட்டனர்.

எட்வர்ட் தார்ப் என்ற கணிதவியலாளர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 704 கணினியைக் கொண்டு ஆய்வை மேலும் வளர்த்தார். கட்டில் பத்து மதிப்புள்ள சீட்டுகளும் ஏஸ்களும் மிகுதியாக எஞ்சியிருக்கும்போது சாதகம் ஆடுபவர் பக்கம் திரும்புகிறது என்று அவர் காட்டினார். இதனைப் பின்தொடரும் முறையே சீட்டு எண்ணுதல். 1962-ல் வெளிவந்த அவருடைய 'பீட் த டீலர்' என்ற நூல் இதைப் பரவலாக்கியது.

அந்நூலுக்கு முன் 1961-ல் நெவாடாவில் தார்ப் தம் முறையைச் சோதித்துப் பார்த்தார். பணம் கொடுக்க முன்வந்தவர்கள் 1,00,000 டாலர் தருவதாகக் கூறினர். அவரோ 10,000 டாலரே போதும் என்றார். சாதகமான கணக்கு கையில் இருந்தும், முதலில் சிறு பந்தயங்களில் தொடங்கிப் பின்னரே உயர்த்தினார். அப்பயணத்தின் முடிவில் கைமுதல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருந்தது.

ஏற்ற இறக்கத்தை அளத்தல்

பள்ளிக் கணிதத்தில் வரும் திட்ட விலக்கமே இங்கும் அளவுகோல். பிளாக்ஜாக்கில் ஒரு கையின் திட்ட விலக்கம் பந்தயத்தைப் போல் ஏறத்தாழ 1.15 மடங்கு. அதன் வர்க்கமான விலக்க வர்க்கச் சராசரி ஏறத்தாழ 1.32. இரட்டிப்பும் பிரித்தலும் இருப்பதால் இது 1-ஐவிடக் கூடுதலாக உள்ளது.

கைகளின் எண்ணிக்கை கூடும்போது சராசரி இழப்பு அதே விகிதத்தில் கூடுகிறது. திட்ட விலக்கமோ எண்ணிக்கையின் வர்க்கமூலத்தின் விகிதத்தில்தான் கூடுகிறது. ஒவ்வொரு கைக்கும் 10 டாலர் பந்தயம், விடுதியின் சாதகம் 0.5 விழுக்காடு எனக் கொண்டால் கிடைக்கும் கணக்கு இது:

100 கைகள்: சராசரி இழப்பு 5 டாலர், திட்ட விலக்கம் 115 டாலர், இலாபத்தில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 48 விழுக்காடு.

10,000 கைகள்: சராசரி இழப்பு 500 டாலர், திட்ட விலக்கம் 1,150 டாலர், இலாபத்தில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 33 விழுக்காடு.

52,900 கைகள்: சராசரி இழப்பும் திட்ட விலக்கமும் சமம், இரண்டும் 2,645 டாலர், இலாபத்தில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 16 விழுக்காடு.

10,00,000 கைகள்: சராசரி இழப்பு 50,000 டாலர்; திட்ட விலக்கம் 11,500 டாலர்; இலாபத்தில் இருக்கும் வாய்ப்பு இல்லை என்றே சொல்லலாம்.

முதல் வரியைக் கவனிக்க வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் 115 டாலர் மேலும் கீழும் ஆடும் கணக்கில் 5 டாலர் இழப்பு கண்ணுக்கே தெரியாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வென்றவர் தம் திறமை என்று நம்புவதற்கும், தோற்றவர் இன்று நேரம் சரியில்லை என்று நினைப்பதற்கும் இதுவே காரணம். ஒரு மேசையில் மணிக்கு 70 கைகள் ஓடினால் 52,900 கைகளுக்கு 750 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆடுபவருக்கு அது பல ஆண்டுக் கணக்கு. நூற்றுக்கணக்கான இருக்கைகள் கொண்ட விடுதிக்குச் சில மணி நேரக் கணக்கு.

ஒரு மாலைக்குத் தேவையான தொகை

மணிக்கு 70 கைகள் வீதம் நான்கு மணி நேரத்தில் 280 கைகள். 10 டாலர் பந்தயத்தில் சராசரி இழப்பு 14 டாலர். திட்ட விலக்கம் ஏறத்தாழ 192 டாலர். 200 டாலரோடு அமர்பவர் நேரம் முடியுமுன் முழுவதும் இழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 400 டாலரோடு அமர்ந்தால் அது நூற்றில் நான்கைந்தாகக் குறைகிறது.

கூடுதல் தொகையால் பாதியில் எழுந்துபோகும் வாய்ப்புதான் குறைந்தது. முழு நேரமும் ஆடினால் சராசரி இழப்பு அதே 14 டாலர்தான். சராசரி இழப்பைக் குறைக்க மூன்றே வழிகள் உள்ளன: சிறிய பந்தயம், குறைந்த கைகள், நல்ல விதிகள் உள்ள மேசை.

மேசை விதியின் எடை பெரியது. சில மேசைகளில் பிளாக்ஜாக்குக்கு 10 டாலருக்கு 15 டாலருக்குப் பதில் 12 டாலரே தருகிறார்கள். இந்த 3 டாலர் வேறுபாடு சிறிதாகத் தோன்றினாலும், ஏறத்தாழ 21 கைகளுக்கு ஒரு முறை வருவதால் விடுதியின் சாதகத்தை 1.4 விழுக்காடு அளவுக்கு உயர்த்துகிறது. 0.5 விழுக்காடாக இருந்தது 1.9 ஆகிறது, இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு.

நுழைவுக் கட்டணமும் இதே கணக்கில் சேரும். சிங்கப்பூரில் 2010-ல் இரண்டு சூதாட்ட விடுதிகள் திறக்கப்பட்டன. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் 2019-ல் 100-லிருந்து 150 வெள்ளியாக உயர்ந்தது. 25 வெள்ளிப் பந்தயத்தில் 0.5 விழுக்காடு என்றால் கைக்கு 12.5 காசு இழப்பு. ஆகவே நுழைவுக் கட்டணம் மட்டுமே 1,200 கைகளின் சராசரி இழப்புக்குச் சமம்.

இரட்டிப்பு முறையின் பிழை

தோற்ற ஒவ்வொரு முறையும் பந்தயத்தை இரண்டு மடங்காக்கினால், ஒரு வெற்றியில் எல்லாம் திரும்பிவிடும் என்ற நம்பிக்கை பழையது. இது மார்ட்டிங்கேல் முறை எனப்படும். 10 டாலரில் தொடங்கினால் 20, 40, 80, 160, 320, 640 என ஏறும். ஏழு முறை தொடர்ந்து தோற்றால் மொத்த இழப்பு 1,270 டாலர். எட்டாம் பந்தயம் 1,280 டாலராக இருக்க வேண்டும். மேசையின் உச்சவரம்பு 1,000 டாலர் என்றால் அதை வைக்கவே முடியாது.

சமனான கைகளை நீக்கினால் ஒரு கையில் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ 53.7 விழுக்காடு. பிளாக்ஜாக் போனஸையும் இரட்டிப்பு உரிமையையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஏழு முறை தொடர்ந்து தோற்பது ஏறத்தாழ 78 தொடக்கங்களுக்கு ஒரு முறை நிகழும். 77 முறை 10 டாலர் வீதம் சேர்த்த 770 டாலரும் அந்த ஒரே முறையில் போய், மேலும் 500 டாலர் கைவிட்டுப் போகும். போனஸையும் இரட்டிப்பையும் சேர்த்தால் இப்பற்றாக்குறை சுருங்கும், ஆனால் மறையாது. பந்தயத் தொகையை எந்த வரிசையில் மாற்றினாலும், ஒவ்வொரு டாலருக்கும் உரிய சராசரி இழப்பு மாறுவதில்லை.

கைமுதல் கரையும் வாய்ப்பு

விடுதிக்குச் சாதகம் உள்ள நிலையில், மாறாத பந்தயத்தோடு முடிவின்றி ஆடினால் கைமுதல் கரைவது உறுதி. கைமுதல் பெரிதானால் நாள் தள்ளிப்போகும், அவ்வளவே.

சீட்டு எண்ணிச் சராசரியாக 1 விழுக்காடு சாதகம் பெறும் ஒருவருக்கும் ஆபத்து உண்டு. மாறாத பந்தயம் எனக் கொண்டால், கைமுதல் பந்தயத்தைப்போல் 100 மடங்கு உள்ளவர் என்றாவது முழுவதும் இழக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 22 விழுக்காடு; 200 மடங்குக்கு 5 விழுக்காடு; 300 மடங்குக்கு 1 விழுக்காடு. நடைமுறையில் எண்ணுபவர் பந்தயத்தை ஏற்றி இறக்குவதால் ஏற்ற இறக்கம் இதைவிடப் பெரிது. எனவே தேவைப்படும் மடங்கும் பெரிது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக மாணவர்களின் குழுக்கள் பொதுக் கைமுதல் வைத்து ஆடியதற்கும் இதுவே காரணம். பலர் ஒரே நேரத்தில் ஆடும்போது ஒருவர் இழப்பை மற்றவர் ஈடுசெய்கிறார்.

கெல்லி அளவுகோல்

பெல் ஆய்வகத்தின் ஜான் கெல்லி 1956-ல் வெளியிட்ட விதி, கைமுதலில் எவ்வளவு பங்கைப் பந்தயமாக வைக்கலாம் என்பதைக் கூறுகிறது. தோராயமாக, ஆடுபவரின் சாதகத்தை விலக்க வர்க்கச் சராசரியால் வகுத்தால் அப்பங்கு கிடைக்கும். சாதகம் 1 விழுக்காடு எனில் 0.01-ஐ 1.32-ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.76 விழுக்காடு. 10,000 டாலர் கைமுதலுக்குப் பந்தயம் 76 டாலர்.

இந்த அளவில் ஆடினாலும் கைமுதல் என்றாவது பாதியாகச் சுருங்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. அதனால் பலர் இதில் பாதியை மட்டுமே வைக்கின்றனர். அப்போது வளர்ச்சி வேகம் நான்கில் மூன்றாகக் குறைகிறது. பாதியாகச் சுருங்கும் வாய்ப்போ எட்டில் ஒன்றாகிறது. இதற்கு மாறாக, கெல்லி அளவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வைத்தால், சாதகம் இருந்தும் நாளடைவில் கைமுதல் தேய்ந்துவிடும்.

சாதகம் எதிர்மறையாக உள்ளவருக்கும் இதே விதி விடை தருகிறது: வைக்க வேண்டிய பந்தயம் பூச்சியம். சீட்டு எண்ணாத ஒவ்வொருவரும் இந்தப் பிரிவில்தான் அடங்குவர். கைக்குக் கை சீட்டைக் குலுக்கும் இயந்திர மேசைகளில் எண்ணிப் பயனில்லை என்பதால், அங்கு அமரும் அனைவரும் இதே பிரிவினரே.

வரம்புகளும் எச்சரிக்கையும்

கைமுதல் என்பது இழந்தாலும் குடும்பச் செலவைத் தொடாத பணம் மட்டுமே. வாடகை, பள்ளிக் கட்டணம், கடனாக வாங்கிய தொகை ஆகியவை கைமுதல் ஆகா. மேலே கண்ட கணக்குகள் அனைத்தும் பந்தயமும் கைமுதலும் முன்கூட்டியே உறுதிசெய்யப்பட்டவை என்ற அடிப்படையில் அமைந்தவை. விட்டதைப் பிடிக்க இடையில் மேலும் பணம் கொண்டுவந்தால் அவை பொருந்தா.

இழப்பை வீட்டாரிடம் மறைப்பது, ஆடுவதற்குக் கடன் வாங்குவது, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை ஆகியவை சூதாட்ட அடிமைநிலையின் அறிகுறிகள். இந்நிலையில் கணக்கு உதவாது; மருத்துவ உதவி தேவை. சிங்கப்பூரில் ஒருவர் தம்மைத் தாமே விடுதிகளிலிருந்து விலக்கிவைக்க விண்ணப்பிக்கலாம். குடும்பத்தினர் விண்ணப்பித்தும் விலக்கு ஆணை பெறலாம். இந்தியாவில் 2025-ல் இயற்றப்பட்ட நடுவண் சட்டம் பணம் வைத்து ஆடும் இணையவழி விளையாட்டுகளைத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் இணையவழிச் சூதாட்டத்துக்கு எதிராக 2022-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளது.