வீடு வரை செல்லும் அன்பளிப்பு

சிங்கப்பூர் எக்ஸ்போ அரங்கில் வணிகக் கண்காட்சி நடைபெறும் நாள்களில், வெளியே வருவோர் பலரின் கைகளில் நிறுவனச் சின்னம் அச்சிட்ட பை ஒன்றைக் காணலாம். அதனுள் பேனா, சாவிக்கொத்து, குறிப்பேடு, துண்டறிக்கை எனப் பலவும் கிடக்கும். அவற்றுள் சில, பெருவிரைவு இரயில் நிலையத்தை அடையும் முன்பே குப்பைத்தொட்டிக்குப் போய்விடுகின்றன. நிறுவனம் செலவழித்த பணமும் அவற்றோடு போகிறது.

நிறுவனத்தின் பெயரைத் தாங்கி இலவசமாக வழங்கப்படும் இத்தகைய பொருள்களை விளம்பர அன்பளிப்புகள் என்பர். நாளிதழில் வரும் விளம்பரத்தின் ஆயுள் ஒரு நாள். அன்பளிப்போ பெற்றவரின் மேசையிலோ சமையலறையிலோ பல மாதங்கள் இருந்து, நிறுவனத்தை நினைவூட்டக்கூடும். ஆனால், அது பயன்படும் பொருளாக இருக்க வேண்டும்.

பிரான்சு நாட்டின் மிச்சலின் டயர் நிறுவனம் இதை நன்கு அறிந்திருந்தது. 1900ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சாலைகளில் சில ஆயிரம் கார்களே ஓடின. அப்போதே அந்நிறுவனம் ஏறத்தாழ 35,000 கையேடுகளை அச்சிட்டு இலவசமாக வழங்கியது. டயரை மாற்றும் முறை, எரிபொருள் கிடைக்கும் இடங்கள், தங்குமிடங்கள், வரைபடங்கள் ஆகியவை அதில் இருந்தன. மக்கள் நெடுந்தூரம் கார் ஓட்டினால் டயர்கள் தேயும். புதிய டயர்கள் விற்பனையாகும் என்பதே அதன் கணக்கு. 2016இல் சிங்கப்பூரின் இரண்டு சிறிய உணவுக் கடைகளுக்கு நட்சத்திரம் வழங்கிய புகழ்பெற்ற உணவு வழிகாட்டி, அந்த இலவசக் கையேட்டின் வழிவந்ததுதான்.

மசாலைத்தூள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் உணவுக் கண்காட்சியில் பங்கேற்பதாகக் கொள்ளலாம். பேனா மலிவானது, ஆயிரம் வாங்கினால் விலை இன்னும் குறையும். ஆனால், பேனாவுக்கும் குழம்புக்கும் என்ன தொடர்பு? அதற்குப் பதிலாக ஓர் அளவுக்கரண்டியைக் கொடுக்கலாம். அரைக் கிலோ கோழிக்கு எத்தனை கரண்டித் தூள் சேர்க்க வேண்டும் என்பதைக் கைப்பிடியில் அச்சிடலாம். சமைப்பவர் கரண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் பெயர் கண்ணில் படும். கரண்டியின் விலை பேனாவின் விலையைவிடக் கூடுதல்தான். ஆகவே, கடந்து செல்லும் எல்லாருக்கும் நீட்டாமல், நின்று பேசி, சுவைத்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம்.

நல்ல எண்ணத்தோடு கொடுக்கும் பொருளும் சில வேளைகளில் வீணாகும். துணிப்பை அதற்குச் சான்று. பிரிட்டனின் சுற்றுச்சூழல் அமைப்பு 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, பருத்திப் பையை 131 முறை பயன்படுத்திய பிறகே, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய நெகிழிப் பையைவிட அது புவி வெப்பமாதலுக்குக் குறைவான காரணமாகிறது. வாரம் ஒரு முறை கடைக்கு எடுத்துச் சென்றால், இதற்கு இரண்டரை ஆண்டுகள் ஆகும். 2023 ஜூலை முதல் சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகள் பை ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து காசு வசூலிப்பதால், துணிப்பைக்குத் தேவை இருக்கத்தான் செய்கிறது. ஆயினும், கதவுக்குப் பின்னால் ஏற்கெனவே பத்துப் பைகள் தொங்கும் வீட்டில், பதினோராவது பையின் முறை எப்போது வரும்?

விருந்தினர் வெளிநாட்டிலிருந்து வருபவர் என்றால், அவருடைய பயணப்பெட்டியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணாடிக் குவளை உடையலாம். பவர் பேங்க் எனப்படும் கையடக்க மின்னூட்டியை விமானத்தின் சரக்குப் பகுதிக்குச் செல்லும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

பொருளைத் தேர்ந்தெடுத்த பின், அச்சு வேலை தொடங்கும். திரை அச்சு முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித் திரை தேவை. எனவே, சிறு எண்ணிக்கையில் வாங்கும் நிறுவனம் ஒரே வண்ணத்தோடு நிறுத்திக்கொண்டால் செலவு குறையும். தமிழில் அச்சிடும்போது இன்னுமோர் இடர் உண்டு. தமிழ் எழுத்துருவைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் ‘மசாலை’ என்று இட்டால், ஐகாரக் குறி லகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தமிழ் அறியாத அச்சகத்தாருக்கு அது பிழையாகத் தெரியாது. அதனால், முதலில் ஒரே ஒரு கரண்டியை மாதிரியாக அச்சிட்டு வாங்க வேண்டும். தமிழ் அறிந்த ஒருவர் அதை எழுத்தெழுத்தாகப் படித்துச் சரிபார்த்த பிறகே, மீதமுள்ள 499 கரண்டிகளுக்கு ஒப்புதல் தர வேண்டும்.